கண்ணுக்கு மட்டும் மறைத்த வரி

பூனைக் காப்பகத்துக்கு வெப்சைட் செய்து தரும் வேலை வந்தபோது, அதில் நாத்தனாரை இழுத்துவிட்டது அவள்தான். யாரும் கேட்கவில்லை. முதல் கூட்டத்தில் காப்பகத்தின் தலைவி, "கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை நடுங்குறவங்க, எல்லாரும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும். நமக்கு உதவி பண்ற அறக்கட்டளை அதைத்தான் முதல் நிபந்தனையா வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதை எப்படிச் செய்வதென்று தெரியாமல் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க வீட்டுக்காரரோட அக்காவுக்கே கண்ணு தெரியாது. அவங்களை வச்சே சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று தலைவிக்கு. வேலை அன்றைக்கே முடிவானது.

நாத்தனாருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறாம் வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வையைக் கொண்டுபோயிற்று. இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த வீட்டில் தனியாக இருந்தார். மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் தொழில். எந்த டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார், எந்த டாக்டருக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தம்பி எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவனோடு வந்து தங்க மறுத்துவிட்டார். "உன் பொண்டாட்டி போடுற உப்பு எனக்குப் பத்தாதுடா" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று அவர் கணினியில் இருந்தது. அது பேசும் வேகத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும். நாத்தனாரோ அதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவார்.

முதல் நாள் சோதனையே சிரிப்பாகத்தான் தொடங்கியது. பூனையைத் தத்தெடுக்கும் படிவத்தை வரிவரியாக நிரப்பிக்கொண்டு வந்தவர், கடைசியில் நின்றுவிட்டார். நிரப்புவது மனிதர்தானா என்று உறுதிசெய்ய ஒன்பது படங்களைக் காட்டி, பூனை இருப்பதை எல்லாம் தொடச் சொல்லியிருந்தது படிவம்.

"ஏம்மா," என்றார் நாத்தனார், "உங்க சைட் என்னை மனுஷியே இல்லைங்குது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மாலையே அதை எடுத்துவிட்டாள். தவறு எண் ஒன்று என்று அது பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு தினமும் ஒரு மின்னஞ்சல் வரும். எண் போட்டு, எங்கே, என்ன, எப்படி இருந்தால் நல்லது என்று நறுக்குத் தெறித்தாற்போல எழுதியிருப்பார். கூடவே ஒரு நக்கலும் இருக்கும்.

எண்பத்தாறு பூனைகளின் படங்கள் இருந்தன. பார்வையில்லாதவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விவரம் எழுத வேண்டும் என்று அவள் காப்பகத்தாரிடம் சொல்லியிருந்தாள். அவர்கள் எண்பத்தாறுக்கும் 'அழகான பூனை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாமே அழகான பூனைன்னா நான் எதை எடுக்கிறது? பொண்ணு பார்க்கப் போனவன் வந்து 'பொண்ணு பொண்ணாட்டம் இருக்கா'ன்னு சொன்ன மாதிரி இருக்கு" என்றார் நாத்தனார்.

அவள் உட்கார்ந்து எண்பத்தாறையும் மாற்றி எழுதினாள். ஒரு படத்துக்கு, 'சாம்பல் நிறம். ஐந்து வயது. வலது காதில் பாதி இல்லை. கேமராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதினாள். காப்பகத்தில் அதை ஒன்றரைக் காது என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருஷமாக யாரும் கேட்டு வராத பூனை அது.

இதைத் தவிர பாடங்கள் இருந்தன. பூனை வளர்ப்பவர்களுக்காகக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த முப்பத்தெட்டு பாடங்கள். உடம்பில் நீர் வற்றினால் எப்படித் தெரியும், மூச்சை எப்படி எண்ணுவது, எந்தப் பூச்செடி நஞ்சு, ஒளிந்துகொள்ளும் பூனையை என்ன செய்வது என்று எல்லாம் இருந்தது. அறக்கட்டளைக்குக் காட்டத்தான் அந்தப் பாடங்கள். தலைவியே அவற்றை முழுதாகப் படித்ததில்லை. "நல்லா வந்திருக்கு" என்று தலைப்புகளைப் பார்த்து ஒப்புக்கொண்டவர். நாத்தனார் மட்டும் ஒவ்வொரு முறை வடிவம் மாறியபோதும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. மூன்று சுற்று கேட்டார். ஒன்பதாம் பாடத்தில், தோலைக் கிள்ளிவிட்டு எவ்வளவு நேரத்தில் படிகிறதென்று 'பார்க்கவும்' என்று இருந்தது. "கையில தெரியாதா?" என்று மருத்துவருக்கே எழுதிக் கேட்டார். கையில்தான் இன்னும் நன்றாகத் தெரியும் என்று பதில் வந்து, பாடமும் மாறியது. அந்தப் பாடங்களை ஒரு வரி விடாமல் அறிந்த ஆள், எழுதிய மருத்துவரை விட்டால், உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் சோதனை முடிந்ததும் நாத்தனார் கொஞ்சம் தயங்கினார். தயங்கிப் பழக்கமில்லாதவர்.

"நானே ஒரு விண்ணப்பம் போடட்டுமா?"

"சோதனைக்கா?"

"நிஜமாத்தான். அந்த ஒன்றரைக் காது. அது யார் மூஞ்சியையும் பார்க்கறதில்லைன்னு எழுதியிருந்தியே. எனக்கும் அதுக்கும் ஒத்துப்போகும்."

அவள் சிரித்து, "போடுங்கக்கா" என்றாள். நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தால் பூனையை யார் பார்ப்பது, பூனைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. எல்லாக் கணக்கும் அவள் தலையில்தான் வந்து முடிந்தது.

நாத்தனார் எல்லாம் முறைப்படி செய்தார். ஆள் வைத்து ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார். பக்கத்து வீட்டார் கொடுத்திருந்த பூச்செடியை, பாடம் இருபத்தொன்றில் நஞ்சு என்று இருந்ததால், திருப்பிக் கொடுத்தார். தையல் நூல்களை எல்லாம் டப்பாவில் போட்டு மூடினார். வீட்டைப் பார்வையிட வந்த இரண்டு தன்னார்வலர்களும் அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டைவிட சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி, தேவைப்பட்டால் தான் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போவதாகக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். அவள் தலையில் எதுவும் விழாதபடி நாத்தனார் பார்த்துக்கொண்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் அந்தக் கணக்கு மனசை விட்டுப் போகவில்லை.

நான்கு நாள் கழித்துத் தலைவி அவளைக் காப்பகத்துக்கு வரச் சொன்னார். அலுவலக அறையில் கூண்டுகளின் வாடையும் கிருமிநாசினி வாடையும் கலந்து அடித்தது. தலைவியின் இரண்டு முன்கைகளிலும் கீறல் தழும்புகள். நல்ல மனுஷிதான். நானூறு பூனைகளுக்கு மேல் சாக்கடையிலிருந்தும் என்ஜினுக்குள்ளிருந்தும் எடுத்துக் காப்பாற்றியவர்.

"உங்க நாத்தனார் விண்ணப்பம் வந்திருக்கு" என்றார். "கமிட்டியில வச்சோம். சங்கடமா இருக்கு."

"வீட்டைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு அது வாந்தி எடுத்தா இவங்களுக்கு எப்படித் தெரியும்? கால்ல ரத்தம் வந்தா? தெரியாம மிதிச்சுட்டா? எனக்கு என் பூனைதாங்க முக்கியம்."

அந்த முப்பத்தெட்டு பாடங்களில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. நாத்தனாருக்கு அது மனப்பாடம். அது அவள் வாய் வரை வந்தது. ஆனால் அதே மேஜையின் மேல், தலைவி தன் சிபாரிசில் வாங்கித் தந்திருந்த இன்னும் இரண்டு காப்பகங்களின் கடிதங்கள் இருந்தன. இரண்டும் அவள் செய்ய வேண்டிய வெப்சைட்டுகள். கடிதங்களைப் பார்த்தாள். தவிர, ஒளிப்பானேன், மிதித்துவிட்டால் என்கிற பயம் அவளுக்கும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அறக்கட்டளைக்காரர்கள் முன்னால் நின்று, "பார்வை இல்லாதது குறையில்லை, நம்ம வடிவமைப்புதான் குறை" என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தாள். ஊருக்கு உபதேசம்.

"இல்லைன்னு சொல்லணும். பூனைக்கு யார் மணி கட்டுறது?" என்று கேட்டார், ஓரமாக உட்கார்ந்திருந்த செயலாளர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

"நீங்களே சொல்லிடுங்களேன், வீட்டு மனுஷி" என்றார் தலைவி.

"என்னால முடியாதுங்க" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, அதையும் அவள்தான் சொன்னாள். "அந்தப் பூனைக்கு வேற வீடு கிடைச்சிடுச்சுன்னு போட்டுடுங்க. மனசு கஷ்டப்படாது."

தலைவி நிம்மதியாக மூச்சு விட்டார்.

விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் முடிவைப் பார்க்க ஒரு பக்கம் வைத்திருந்தாள். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பும் அதே பக்கத்தில்தான் வரும்; வெளியாள் பார்க்கும்போது வராமல் செய்ய வேண்டும். அதை முறையாகப் பிரித்து வைக்க ஒரு நாள் வேலை இருந்தது. திறப்பு நாள் நெருங்கியதால், அந்தக் குறிப்பைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. ஆனால், பார்வையில்லாதவர்களுக்கென்று எழுதும் கூடுதல் விளக்கங்களையும் அதே முறையில்தான் தள்ளி வைப்பார்கள். திரைக்கு வெளியே இருந்தாலும் படிக்கிற குரல் அதைப் படித்துவிடும். இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாத்தனார்தான். வேலை நெருக்கடியில் அது அவள் புத்திக்கு எட்டவில்லை.

வியாழக்கிழமை காலை நாத்தனார் போன் செய்தார். "இன்னொரு தவறு இருக்கு. எழுதினா புரியாது. நேர்ல வா."

போனாள். ஜன்னல்களில் புதுக் கம்பிவலை வெயிலில் மின்னியது. சமையலறை வாசலில் இரண்டு கிண்ணங்கள், தண்ணீருக்கு ஒன்று, தீனிக்கு ஒன்று, கால் இடறாமல் சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. நாத்தனார் கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவளுக்குப் புரியட்டும் என்று குரலின் வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தார்.

"திரையில என்ன இருக்கு, படி."

அவள் படித்தாள். "'உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. நீங்கள் கேட்ட பூனைக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது.' அக்கா, எனக்கும் வருத்தமாத்தான்..."

"இரு. இப்போ கேளு."

நாத்தனார் ஒரு விசையைத் தட்டினார். அந்த இரண்டு வரிகளையும் குரல் படித்தது. மறுபடி தட்டினார். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் குரல் தொடர்ந்து படித்தது: "கமிட்டி குறிப்பு. வீடு திருப்தி. விண்ணப்பதாரருக்குப் பார்வையில்லை. பூனையைப் பராமரிக்க இயலாது. நிராகரிக்கலாம். வெப்சைட் வடிவமைப்பாளர், விண்ணப்பதாரரின் குடும்பத்தவர், அவரும் இதற்கு உடன்பட்டார். வேறு வீடு கிடைத்ததாகத் தெரிவிக்கும்படி அவரே ஆலோசனை கூறினார்."

தேள் கொட்டியவள் போல அவள் எழுந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். திரையில் அந்த வரிகள் எங்கும் இல்லை. வெள்ளையாக, சுத்தமாக, மூலையில் ஒரு பூனைப் பாத முத்திரையோடு இருந்தது பக்கம்.

"கண்ணுக்கு மறைச்சிருக்கே" என்றார் நாத்தனார். "காதுக்கு மறைக்க மறந்துட்டே. எண் நாப்பத்தி மூணு."

"அக்கா, அது... அவங்கதான்..."

"அவங்களைப் பத்தி எனக்கு என்ன? அவங்க என்னைப் பார்த்ததுகூட இல்ல. என்னைத் தெரியாதவங்க என்னால முடியாதுன்னு சொல்றது புதுசா? இருபத்தேழு வருஷமா கேக்கறேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுவது சத்தமாகக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்தினாள். பொத்தியதும் கேட்டிருக்கும்.

"அழாதே. நான் அதுக்கு ஆறுதல் வேற சொல்லணும். அதுக்குத் தெம்பு இல்ல." பிறகு, "முகப்புல 'பார்வையற்ற பயனரால் முழுமையாகச் சோதிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அதை எடுத்துடு. இந்தத் தப்பையும் சரி பண்ணிடு. இன்னொரு குருடி வந்து கேட்டா பாவம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த வேலை அதைச் சரிசெய்ததுதான். ஒரு நாள் வேலை என்று தள்ளிப்போட்டதை மூன்று மணி நேரத்தில் முடித்தாள். கமிட்டியின் குறிப்பு இனி எந்தக் கண்ணுக்கும் எந்தக் காதுக்கும் எட்டாது. முடித்துவிட்டு, தான் செய்ததை நினைத்துப் பார்த்தபோது, அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. நாத்தனார் மாதிரி இன்னொருத்தி வந்தால் அவளுக்கும் இதே பதில்தான், ஆனால் அவளுக்குக் காரணம் தெரியவே போவதில்லை.

முகப்பு வரியை எடுக்கும்படி தலைவியிடம் கேட்டாள். "பேர் போடலியே, அப்புறம் என்ன? அறக்கட்டளைக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் தலைவி. எடுக்கவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. வெப்சைட் திறந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற இரண்டு காப்பகங்களின் வேலையும் வந்தது.

பொய்யாகச் சொன்னது பத்தே நாளில் நிஜமானது. ஒன்றரைக் காதுக்கு ஒரு வீடு கிடைத்தது. படத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எடுத்துப்போன குடும்பம். மூன்று வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், யாரிடமும் ஒட்ட மாட்டேன் என்கிறது, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது என்று. ஒளிந்துகொள்ளும் பூனையை என்ன செய்வதென்று பாடம் பதினான்கில் இருந்தது. அவர்கள் அதைத் திறக்கவே இல்லை. யார் எதைத் திறந்தார்கள் என்கிற புள்ளிவிவரம் அவளுக்குத் தெரியும்.

இந்த முறை அவள் தலைவியிடம் போய் நின்றாள். சண்டை போட்டாள் என்று சொல்ல முடியாது, கெஞ்சினாள் என்றால் சரியாக இருக்கும். தலைவிக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "சரி. ஒரு மாசம் சோதனையா குடுப்போம். ஆனா கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். நீங்க போடறீங்களா?" என்று கேட்டார். "போடறேன்" என்றாள். அந்தப் படிவத்தை அவளே தயாரித்து, குரல் தடங்கலில்லாமல் படிக்கும்படி செய்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறினாள்.

நாத்தனார் முழுதும் கேட்டார்.

"யார் கையெழுத்து?"

"என்னோடதுக்கா. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு."

"உன் கையெழுத்தா?" என்றார் நாத்தனார். "அதை அன்னைக்கே போட்டுட்டியே."

"அக்கா, என் மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அந்தப் பூனை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அது பாவம்தான்." அவர் குரல் ஒரு நொடி இறங்கி, மறுபடி நிமிர்ந்தது. "ஆனா ஒரு மாசமும் நீ தினம் வந்து எட்டிப் பார்ப்பே. அது ஒரு வேளை சாப்பிடலைன்னா கமிட்டிக்கு எழுதுவே. நான் அதைத் தடவிக் குடுக்கறப்போகூட யாரோ மார்க் போடற மாதிரி இருக்கும். என்னால முடியாது. இந்த ஒண்ணு நிஜமாவே என்னால முடியாது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த டாக்டரோ பேசியதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவள் இறங்கி வந்தாள். சமையலறை வாசலில் அந்தக் கிண்ணங்கள் இல்லை.

அந்தக் குளிரில் காப்பகத்தில் சளித் தொற்று பரவியது. பதினொரு பூனைகள் போயின. அதில் ஒன்றரைக் காதும் ஒன்று. அதன் பக்கத்தை அவள்தான் நீக்கினாள். படத்தையும், படத்துக்குப் பின்னால் தான் எழுதியிருந்த விவரத்தையும் சேர்த்தே நீக்க வேண்டியிருந்தது. இதை அவள் நாத்தனாரிடம் சொல்லவில்லை. நாத்தனாரும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வெப்சைட்டுக்கும் வேறொருவரை வைத்துச் சோதித்தாள். அவர் நல்ல வேலைக்காரர். எண் போட்டு எழுதுவார், வேறு ஒரு வார்த்தை இருக்காது.

அவளைத் தின்றது வேறொன்று. நடந்ததை நாத்தனார் தன் தம்பியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அவளிடம் கத்தியிருப்பான், அவளும் பதிலுக்குக் கத்தி, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எப்படியோ தீர்ந்திருக்கும். அவளாகவும் சொல்ல முடியவில்லை. "என்ன, உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா? முன்ன மாதிரி போன்ல அரட்டையே காணோமே" என்று அவன் கேட்டபோது, "வேலை ஜாஸ்தி" என்று மென்று விழுங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கூப்பிட்டான் என்று நாத்தனார் சாப்பிட வந்தார். எப்போதும் போலத் தம்பியோடு பேசினார், சிரித்தார், உப்பு பத்தவில்லை என்றுகூடச் சொன்னார். சாப்பாட்டின் நடுவே அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

தம்பி சிரித்துவிட்டான். "என்னக்கா இது, புதுசா வாங்க போங்கன்னு?"

"பெரிய பெரிய வேலையெல்லாம் பண்றாங்க. மரியாதை குடுக்க வேண்டாமா?"

அவன் அதையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தான். அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நாத்தனாரின் கையில் கொடுக்கப் போனாள்.

"மேஜை மேலேயே வச்சிடுங்க" என்றார் நாத்தனார்.

அவள் வைத்தாள். டம்ளர் மேஜையில் பட்ட சத்தத்தை வைத்துக் கையை நீட்டி, அவரே எடுத்துக் குடித்தார்.